உறைக்குள் உறைந்த உணவும் உறைமேல் ஏறாத தமிழும்

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுபவர் யார் என்று நம் இயக்க அன்பர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். 'என் மனைவி' என்பார். அல்லது 'என் தாய்' என்பார். மாவு அரைத்தவர் யார் என்று கேளுங்கள். அதே விடைதான் வரும். அந்த இட்டலியை உண்டு கைகழுவி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தெருமுனைக் கூட்டத்தில் ஏறித் தமிழ் வாழ்க என்று முழங்குபவர் யார் என்று மட்டும் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அவர் நாம்தான். இக்கட்டுரையை எழுதுபவனும் அவ்வரிசையில் முப்பதாண்டுகள் நின்றவன்.

காரைக்காலில் நான் தமிழாசிரியன். என் மனைவியும் ஆசிரியப் பணியில் இருப்பவர்; ஏழேமுக்கால் மணிக்கெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டியவர். மகள் பத்தாம் வகுப்பு. மகன் ஆறாம் வகுப்பு. எழுபத்தெட்டு அகவை நிரம்பிய என் தாயார் எங்களுடன் இருக்கிறார். திண்ணைப் பள்ளி போன்றதொரு சிற்றூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்த அவர், இன்றும் மூக்குக் கண்ணாடி இட்டு நாளிதழை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை படிக்காமல் விடமாட்டார். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக் காலை வேளை ஒரு போர்க்களமாயிற்று. மனைவியார் நான்கரை மணிக்கு எழுந்தும் நேரம் போதவில்லை. ஒருநாள் அவர் என்னை நோக்கி, "என்னங்க, கடையில பனிக்கட்டி மாதிரி உறையவச்சு விக்கிறாங்களே, அதை வாங்கிப் பார்ப்போமா?" என்றார். கேட்டவுடன் என் நாவில் ஒரு சொற்பொழிவே எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அடக்கிக்கொண்டேன். அன்று மாலையே பெரிய கடைக்குச் சென்று குளிர்ப்பேழையிலிருந்து மூன்று பொதிகள் வாங்கி வந்தோம். ஒன்று, மேலைநாட்டார் 'பான்கேக்கு' என்று கூறும் இனிப்பு அடை, மற்றொன்று பரோட்டா, மூன்றாவது இடியப்பம்.

நடுநிலையோடு சொல்லுகிறேன். அந்த இனிப்பு அடை, கல்லில் இரண்டு பக்கமும் சுட்ட சிறிது நேரத்தில் ஆயிற்று. உண்டபோது சருக்கரைநீரில் நனைத்த பஞ்சு போலிருந்தது. மகனுக்குப் பிடித்தது, அவனுக்கு இனிப்பு என்றால் எதுவும் பிடிக்கும். பரோட்டா, மறைக்காமல் உரைப்பதானால், நன்றாகவே இருந்தது. இடியப்பம் ஆவியில் காட்டியவுடன் மென்மையாயிற்று. ஆனால் அதை உண்ணும்போதுதான் எனக்கு நெஞ்சில் உறுத்திற்று. காவிரியின் கடைமடை இது. குறுவையும் சம்பாவும் தாளடியும் மாறி மாறி விளைந்த மண். ஊரைவிட்டு ஒரு கல் தொலைவு நடந்தால் இன்றும் வயல் வரப்பு. அந்த வரப்பைக் கடந்து சென்று, எங்கோ அரைத்து எங்கோ பிழிந்து எங்கோ உறையவைத்த அரிசியிழைகளை நூறு உருபா கொடுத்து வாங்கி வருகிறோம்! திருவாரூர் மாவட்டத்தில் நம் அண்டையில் வாழ்ந்த நெல் செயராமன், 2018-இல் மறையும் வரை ஊர் ஊராக அலைந்து 174 வகை மரபு நெல்லைத் தேடி மீட்டார். அவற்றுள் ஒன்றன் பெயராவது அந்த இடியப்பப் பொதியின்மேல் இருந்ததா? 'அரிசி மாவு' என்றுதான் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

ஆயினும் அந்தக் கிழமையில் என் மனைவி நாள்தோறும் அரைமணி நேரம் கூடுதலாக உறங்கினார். அந்த அரைமணி நேரத்தை எக்கொள்கையின் பெயராலும் அவரிடமிருந்து பறிக்க எனக்கு உரிமையில்லை. இதை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே மற்றவற்றைப் பேசத் தகும்.

'கடையில் உணவு வாங்குவது தமிழ்ப் பண்பாடு அன்று' என்று சில அன்பர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் நம் நூல்களைத் திறந்து பார்த்ததில்லை போலும். நம் ஊருக்கு வடக்கே கூப்பிடு தொலைவில் கடல் கொண்ட புகார் நகரின் மருவூர்ப் பாக்கத்தைச் சிலப்பதிகாரம் காட்டும்போது, காழியரையும் கூவியரையும் வரிசையில் நிறுத்துகிறது. காழியர் பிட்டு விற்போர். கூவியர் அப்பம் சுட்டு விற்போர். மதுரைக்காஞ்சி, தேனடை போன்று கண் கண்ணாய் இருக்கும் மெல்லிய அடையையும் மோதகத்தையும் விற்ற வணிகர் நள்ளிரவில் இருந்தபடியே தூங்கி விழுவதைக் கூறுகிறது. பெரும்பாணாற்றுப்படையில், கரிய வாணலியில் கூவியர் பாகுடன் சமைத்த, நூல் சூழ்ந்தாற் போன்ற வட்டமான பண்ணியம் பாலில் கிடப்பது உவமையாக வருகிறது. அதனை இடியப்பம் என்று கொள்வாரும் உளர். எனவே விலைகொடுத்து அப்பம் வாங்குவது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். விரைந்து உணவிடுவதும் நமக்குப் புதிதன்று. கறி சமைந்து முடியாத வேளையில் பசியோடு வந்த அடியவர்க்குச் சோற்றுடன் மாங்கனியை இட்ட புனிதவதியார் இவ்வூர்ப் பெண்மணிதானே! அதை நினைந்துதானே ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா எடுக்கிறோம்?

அப்படியானால் எதை எதிர்க்கிறேன்? சொல்லுகிறேன்.

உறையவைத்த உணவு என்பது சிக்கலான பொருள். அமெரிக்கராகிய கிளாரன்சு பேர்ட்சை என்பார், இலாப்ரடார் பனிநிலத்து மக்கள் கடுங்குளிரில் மீனை நொடியில் உறையவைத்துக் காப்பதைக் கண்டு, விரைந்து உறைவித்தால் பனித்துகள் சிறிதாய் அமைந்து உணவின் கட்டு சிதையாது என்பதை அறிந்தார். 1930-இல் அமெரிக்காவின் இசுபிரிங்பீல்டு நகரக் கடைகளில் அவ்வகை உணவு விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை ஒன்றே: சுழிக்குக் கீழே 18 பாகை வெம்மைநிலை, உணவு செய்த இடத்திலிருந்து உண்ணும் வீடுவரை, எங்கும் அறுபடாமல் இருத்தல் வேண்டும். இடையில் இளகினால், உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் விழித்துப் பெருகும். மீண்டும் உறையவைத்தால் அவை சாவதில்லை. மீண்டும் உறங்கும், அவ்வளவே. அதனால்தான் அப்பொதிகளின்மேல் 'இளகிய பின் மீண்டும் உறையவைக்காதீர்' என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டிருப்பது எந்த மொழியில்?

ஒருநாள் நாங்கள் பள்ளிக்குச் சென்றிருந்த வேளையில், குளிர்ப்பெட்டியின் மேலறையில் இடமில்லை என்று என் தாயார் இடியப்பப் பொதியைக் கீழ்த்தட்டில் எடுத்து வைத்திருக்கிறார். 'கல்லாய் இறுகிக் கிடக்கிறதே, பாவம், இளகட்டும்' என்றும் எண்ணியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து மேலே இடம் கிடைத்ததும் திரும்ப அங்கேயே வைத்துவிட்டார். அந்நாள்களில் மின்தடை வேறு. மறுநாட் காலை அதை ஆவியில் காட்டித் தேங்காய்ப்பாலுடன் பிள்ளைகளுக்கு இட்டோம். மகனுக்கு நண்பகலுக்குள் வயிற்றுப்போக்கும் வாந்தியும். இரண்டு இரவுகள் அவன் கட்டிலருகே அமர்ந்திருந்தோம். மருத்துவர், "பொதியில் எழுதியிருந்தபடி வைத்திருந்தீர்களா?" என்று கேட்டார். வீட்டிற்கு வந்து குப்பையிலிருந்து உறையை எடுத்து விரித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. இந்தியில் இருந்தது. தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை.

என் தாயார் அந்த உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இந்த எழுத்துத் தெரியலியே, தம்பி. தமிழ்ல இருந்தா படிச்சிருப்பேனே" என்றார். குற்றம் செய்தவர் போல அவர் தலைகுனிந்து நின்ற அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். அறுபத்தைந்து ஆண்டுகளாகத் தமிழ் படித்துவரும் ஒரு மூதாட்டியைத் தம் வீட்டு அடுக்களையிலேயே எழுத்தறியாதவராக்கியது எது?

இது வணிகரின் மறதியன்று. எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் சொல்லப் போவதுமில்லை. அவர்கள் சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள். அந்தச் சட்டம்தான் நம் எதிரி. நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2011-இல் பொதிகளின்மேல் எழுத வேண்டியவற்றைப் பற்றிய ஒழுங்குமுறைகளை இட்டது. 2020-இல் அவற்றைப் புதுக்கியது. இரண்டிலும் விதி ஒன்றே: பொதிமேல் கட்டாயமாக இருக்க வேண்டிய குறிப்புகள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியிலோ இருத்தல் வேண்டும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம்! தடையில்லை! கூடுதலாக! எட்டுக்கோடித் தமிழர் உண்ணும் உணவில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், எவ்வாறு காக்க வேண்டும், யாருக்கு ஒவ்வாது என்பவற்றைத் தமிழில் கூறுவது வணிகனின் விருப்பம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ கூறுவது அவன் கடமை. பெயர்ப்பலகைக்காகப் போராடிய நாம், பெயர்ப்பலகைக்குக் கீழே கடைக்குள்ளே அடுக்கப்பட்டிருக்கும் பல்லாயிரம் பொதிகளைத் திரும்பிப் பார்த்தோமா? பலகையைத் தவறாகப் படித்து எவரும் நோயுற்றதில்லை. பொதியைப் படிக்க முடியாமல் நோயுற்றவன் என் மகன்.

காரைக்காலில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது சினம் இரட்டிக்கிறது. பிரஞ்சுக்காரர் 1739-இல் இவ்வூரில் கால்வைத்து 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சியைக் கைவிட்டுச் சென்றனர். 1965-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி இங்கே ஆட்சிமொழி தமிழ். பாவேந்தர் 1909-இல் ஆசிரியப் பணியேற்ற நிரவி இங்குத்தான் இருக்கிறது. அத்தகைய ஊரில், ஆட்சிமொழியில் எழுதாமலே உணவை விற்கலாம்.

நம்மை ஆண்ட அந்தப் பிரஞ்சுக்காரரைப் பாருங்கள். தம் மொழியை ஆங்கிலம் விழுங்கிவிடும் என்று அஞ்சி, 1994 ஆகத்து 4-இல் தூபோன் சட்டம் என்ற ஒன்றை இயற்றினார்கள். தம் நாட்டில் விற்கும் பொருளின் பெயரும் விளக்கமும் பயன்படுத்தும் முறையும் பிரஞ்சில் இருந்தே தீர வேண்டும் என்றார்கள். நம் ஊர்ச் 'சொல்தா' வீட்டு முதியவர்கள் பாரிசிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் பொதிகளைக் காட்டுவார்கள்; எந்நாட்டுப் பொருளாயினும் பிரஞ்சு இருக்கும். கனடா நாட்டில் பொதிகளின்மேல் ஆங்கிலமும் பிரஞ்சும் கட்டாயம். தொரண்டோ நகரில் வாழும் நம் ஈழத்து உறவுகள் வாங்கும் உறைந்த இடியப்பப் பொதியின்மேலும், அதை உண்பவர் எல்லாரும் தமிழராயினும், பிரஞ்சு இருக்கும். தமிழன் உண்ணும் இடியப்பத்தில் தொரண்டோவில் பிரஞ்சுக்குக் கட்டாய இடம். பிரஞ்சு ஆண்ட காரைக்காலில் தமிழுக்குக் கட்டாய இடமில்லை! இதைவிடக் கூர்மையாக நம் நிலையை வேறு எவரும் எழுதிக் காட்ட முடியாது.

'உணவுப் பெயரில் என்ன இருக்கிறது? பசிக்கு மொழியா?' என்று அறிவாளிகள் சிலர் நகைப்பர். பெயரில் என்ன இருக்கிறது என்று வரித்துறையைக் கேளுங்கள். 2020-இல் கருநாடக மாநிலத்து வரித் தீர்ப்பாணையத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. பெங்களூரில் 2005-இல் தொடங்கி மாவும் பரோட்டாவும் பொதியிட்டு விற்கும் ஐடி பிரெசு நிறுவனம், பரோட்டாவும் உரொட்டி வகையே என்றது. உரொட்டி உடனே உண்ணத்தக்கது, பரோட்டாவைச் சூடாக்க வேண்டும், ஆகவே அது உரொட்டியன்று என்று ஆணையம் கூறிற்று. விளைவு? வடவர் உரொட்டிக்கு 5 விழுக்காடு வரி. நம்மவர் பரோட்டாவுக்கு 18 விழுக்காடு! 2024-இல் கேரள உயர் வழக்குமன்றம் 5 விழுக்காடே பொருந்தும் என்று வேறொரு வழக்கில் உரைத்தது. பிறகு 2025 செபுதம்பர் 22 முதல் இரண்டிற்கும் வரியே இல்லை என்றாயிற்று. எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் சரி என்ற பொருளில் ஒரு தொடரையும் சேர்த்தார்கள். பட்டியலை எழுதியவன் தன் தட்டில் கண்டதன் பெயரை எழுதினான். நம் தட்டில் இருப்பதற்குப் பெயர் ஏறுவதற்குள் எட்டாண்டுகள் ஓடின. பெயருக்கு 13 விழுக்காடு விலை இருந்தது, அன்பர்களே! (பரோட்டா என்பதே வடக்கிலிருந்து வந்த பெயர்தான், மைதா நம் மண்ணில் விளையும் கோதுமையன்று என்பதை நான் அறிவேன். அந்த வழக்கை வேறொரு திங்களில் ஆடுவோம்.)

சொல்லாக்கத்தையும் இங்கேயே பேசிவிடுகிறேன். உறையவைத்த உணவை 'உறையுணவு' என்று வழங்கலாம் என்பது என் கருத்து. 'உறை' என்னும் நம் சொல்லின் வளத்தைப் பாருங்கள்: மேலே போர்த்தியிருப்பதும் உறை, இறுகிக் கட்டியாதலும் உறை, பாலைத் தயிராக்க இடும் மோரும் உறை, ஓரிடத்தில் வாழ்தலும் உறைதல். உறைக்குள் உறைந்திருப்பது உறையுணவு. 'பான்கேக்கு' என்பதற்கு ஒரு புலவர் நண்பர் 'வாணலியினிப்படை' என்று ஓரடி நீளத்தில் ஆக்கித் தந்தார். வேண்டா, ஐயா! மதுரைக்காஞ்சி தந்த 'மெல்லடை' இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இட்டலியை 'இட்டவி' என்று மாற்றி எழுதுவோர்க்கும் ஒரு சொல்: அப்பெயரை ஒத்த சொல் கன்னடத்து வட்டாராதனையில் பத்தாம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்ட சொல்லுக்காக நாம் நாணவேண்டியதில்லை. உள்ள வலிமையைச் சட்டத்தின்மேல் செலுத்துவோம்.

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன். மகன் தேறிய பின் நாங்கள் உறையுணவை முற்றாக விலக்கிவிடவில்லை; பொதிகள் குறைந்தன. விலக்க வேண்டுமென்று நான் வாய்திறந்திருந்தால், அந்நான்கரை மணி மீண்டும் என் மனைவியின் தலையில்தான் விழுந்திருக்கும். எனவே ஞாயிறும் அறிவனும் மாலையில் மாவரைப்பது என் வேலையாயிற்று. இதை ஈகம் என்று எண்ணிவிடாதீர்கள். கோயமுத்தூரார் ஆக்கித்தந்த அரைப்பொறி இருக்கையில் இதில் பெருந்துன்பம் ஏதுமில்லை. நான்கு பங்கு இட்டலி அரிசி, ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம். முதல் கிழமை உளுந்துக்கு நீரை அள்ளிக் கொட்டினேன், மாவு பொங்கவில்லை, இட்டலி கல்லாயிற்று. மகள், "அப்பா, இதைத் தூக்கிப் போட்டா சன்னல் உடையும்" என்றாள். தாயார்தாம் வந்து, நீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும், உளுந்து நுரைத்து நிற்க வேண்டும் என்று காட்டினார். உளுந்தின் வழவழப்பே நுண்ணுயிர்கள் ஆக்கும் வளியைப் பிடித்து நிறுத்தி மாவை எழுப்புகிறது என்று அறிவியலார் கூறுவதை நான் பின்னர்ப் படித்தேன். என் தாயார் படிக்காமலே அறிந்திருந்தார். இங்குள்ள கடற்கரை வெப்பத்தில் எட்டு மணிக்கூறில் பானை நிரம்பிவிடும். இரண்டு நாளைக்கு இட்டலி, மூன்றாம் நாள் தோசை. இடையில் ஒருநாள் பழஞ்சோறும் சின்ன வெங்காயமும். அதற்கு விடியற்காலையில் அடுப்பே வேண்டா. அதைவிட விரைந்த காலையுணவை எந்தத் தொழிற்சாலை செய்துவிடும்?

எல்லைக்கு அப்பால், நாகை மாவட்டத்துத் திருக்குவளையில் 2023 ஆகத்து 25-இல் தொடங்கி, தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் பிள்ளைகளுக்குக் காலையுணவு சமைத்து இடுகிறார்கள். பொங்கலும் உப்புமாவும் கிச்சடியும் சுடச்சுட வருகின்றன. உப்புமாவின்மேல் எனக்குள்ள வழக்கு தனி. ஆயினும் ஓர் அரசு எண்ணினால் காலைவேளையின் சுமையைத் தாயின் தோளிலிருந்து இறக்கிவைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

அன்பர்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் வீட்டில் இருக்கும் உணவுப் பொதிகளை இன்று மாலை எடுத்து மேசைமேல் பரப்புங்கள். தமிழில் முழுக் குறிப்பும் உள்ளவை எத்தனை, பெயர் மட்டும் தமிழில் உள்ளவை எத்தனை, ஓர் எழுத்தும் இல்லாதவை எத்தனை என்று எண்ணுங்கள். என் வீட்டில் எண்ணியபோது பத்தொன்பதில் முழுமையாகத் தமிழ் இருந்தது ஒன்று; அது நம் ஊர்ப் பெண்கள் குழு விற்ற வடகப் பொதி. அந்தக் கணக்கையும் வெற்று உறைகளையும் ஒரு மடலுடன் சேர்த்துப் புதுதில்லியிலுள்ள உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்திற்கு அனுப்புங்கள். 2020 ஒழுங்குமுறையில் 'ஆங்கிலம் அல்லது இந்தி' என்று இருப்பதனுடன் 'விற்கப்படும் மாநிலத்தின் ஆட்சிமொழியும் கட்டாயம்' என்று சேர்க்கக் கேளுங்கள். படியொன்றை உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்க்கும் அனுப்புங்கள். மடலைத் தமிழிலேயே எழுதுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் அவர்கள் ஆள் வைத்துப் படித்துக்கொள்ளட்டும்.

அதுவரை நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றுண்டு. கடையிலிருந்து வரும் ஒவ்வொரு பொதியின்மேலும் மகள் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, என்ன பொருள், எந்த அறையில் வைப்பது, எந்நாள்வரை உண்ணலாம் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவிடுகிறாள். என் தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கிறார். சென்ற கிழமை ஒரு தாளில் ஒற்று மிகாததைக் கண்டு பேர்த்தியைத் திருத்தச் சொன்னார்.